ஆறு மணிக்கும் இரண்டரை மணிக்கும் நடுவில்

என் அண்ணன் செத்த அன்று, அவன் காலை ஆறு மணிக்கே வேலை முடிந்து வெளியே போய்விட்டான் என்று கம்பெனி சொன்னது. பஞ்ச் மிஷினும் அப்படித்தான் காட்டியது. ஒரகடம் ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் அவன் பைக் போய் மோதியபோது மணி மூன்று இருக்கும். பட்டப்பகல். அவ்வளவு பெரிய லாரி அரை மைல் தூரத்திலேயே தெரியும். ஆறு மணிக்கு வெளியே வந்தவன் மூன்று மணி வரைக்கும் எங்கே இருந்தான் என்று போலீஸ் கேட்டது. வடக்குப்பட்டில் எங்கள் தெருவும் கேட்டது. குடித்துவிட்டு எங்கேயோ கிடந்திருப்பான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் குடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, யாரோ ஒரு பெண் வீட்டில் இருந்திருப்பான் என்றார்கள். அந்தப் பேச்சு நிற்கவே இல்லை.

அம்மாகூட அழுதுகொண்டே என்னைக் கேட்டாள். "எங்கடி போனான் அவன்?"

நானும் அண்ணனும் ஒரே கம்பெனிதான். காருக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி. கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வருமே, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, அது மாதிரி சாமான்கள். பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குப் போகும். அண்ணன் சூட்டு மிஷினில் ரப்பரை அச்சில் போட்டு எடுப்பான். நான் வேறு கட்டடத்தில், வந்த சாமானில் ஓரப் பிசிர் வெட்டுவேன். நான் எட்டாவதோடு நின்றவள். அவன் பத்தாவதில் இரண்டு தடவை பெயிலானவன். இரண்டு பேரும் கான்ட்ராக்ட்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடிந்து ஆறு மணி ஆனதும் சூப்பர்வைசர் வந்து சிலரைப் பார்த்து, "பஞ்ச் அடிச்சிட்டு வந்து நில்லு" என்பார். போய் கார்டைத் தேய்த்துவிட்டு, திரும்பி வந்து அதே மிஷினில் நிற்க வேண்டும். மத்தியானம் இரண்டரை வரைக்கும். கணக்குப்படி அவன் வீட்டுக்குப் போய்விட்டான். எட்டு மணி நேரம்தான் வேலை செய்தான். அதனால் மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலும் அவனுக்கு சீட் கிடையாது. பஸ் லிஸ்ட்டில் பெயர் இருக்காது. அப்படி நிற்க வேண்டி வரும் என்று தெரிந்துதான் அண்ணன் பைக்கில் போக ஆரம்பித்தான்.

அவன் செத்த அன்றைக்கு எனக்கு வார லீவு. அதனால் நான் எதையும் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னது அண்ணனின் கூட்டாளி. அவனும் அதே சூட்டு மிஷின் வரிசை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனை நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு அவன் சொன்னான்.

"எங்கயும் போவல தங்கச்சி. ரெண்டரை வரிக்கும் என் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான். பத்து மணிக்கு எனக்கு வாங்கி வச்ச வடையைத் தின்னுட்டான். அதுக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. கண்ணு சொருவுது, பேசிகினே இர்றான்னு சொன்னான். நான் அவங்கிட்ட பேசவே இல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவன் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. யார் கேட்டாலும் சொல்வேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். போலீஸ் வந்தபோது அவன் அங்கே இல்லை. பாடை தூக்க முதல் ஆளாக வந்தான். கம்பெனியில் கேமரா இருக்கிறதே, அதைப் பாருங்கள் என்று நான் கேட்டேன். பழைய படமெல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். அந்த வரிசையில் நின்ற மற்ற இரண்டு பேரும் வடக்கத்திப் பையன்கள், அடுத்த மாதமே வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகக்கூடி அவன் ஒருவன் வாய்தான் மிச்சம்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "அவன் வாயால சொல்லட்டும், கேட்டுக்கறேன்" என்றாள். அவனோ காரியம் முடிந்ததும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

வருஷம் திரும்பப் போகிற சமயத்தில்தான் அந்த நோட்டீஸ் வந்தது. பட்டணத்திலிருந்து ஒரு அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் ஒரு சட்டம் போடப் போகிறார்களாம். அங்கே கார் விற்கிறவன், அதற்கு சாமான் செய்கிற ஆட்களை எந்த ஊரில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்று. சட்டம் போடுவதற்கு முன்னால் எல்லாரிடமும் கருத்து கேட்பார்களாம். நம் பக்கத்திலும் நிலம் எடுக்கும்போது கருத்துக் கேட்புக் கூட்டம் என்று சாமியானா பந்தல் கட்டி வைப்பார்கள். எல்லாம் முடிவான பிறகு வைப்பார்கள். இதுவும் அப்படித்தானா என்று நான் கேட்டேன். அந்த அக்கா சிரித்தார். "இல்லைம்மா, இன்னும் முடிவாகல. அதனாலதான் கேக்கறாங்க" என்றார். இங்கேயும் ஒரு கூட்டம் வைக்கிறார்கள், அந்த ஊர்க்காரர் ஒருவரே வந்து உட்கார்ந்து கேட்பார், கம்பெனிக்கு எதுவும் தெரியாது, பெயர் வெளியே வராது என்றார். கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், இந்தியாவிலிருந்தும் எழுதலாம் என்றார்.

எனக்குச் சட்டம் என்னவென்று முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் புரிந்தது. ஆறு மணிக்கும் இரண்டரை மணிக்கும் நடுவில் என் அண்ணன் எங்கே இருந்தான் என்பதை ஒரு இடத்தில் எழுதிக்கொள்ள ஆள் வந்திருக்கிறார்கள். அன்று சாயந்திரமே கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவன் யோசித்தான். பிறகு, வர்றேன் தங்கச்சி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். பாதிப் பேர் எங்கள் கம்பெனி. வாசலில் பெயர் எழுதிக்கொண்டு, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். முடியைக் குட்டையாக வெட்டிய வெள்ளைக்கார அம்மா ஒருவர் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். பட்டணத்து அக்கா அவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். ஒரு இளைஞர் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் எழுத பேனாவோடு நின்றார்.

எங்கள் கம்பெனியில் ஆடிட் என்று ஒன்று நடக்கும். சாமான் வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கேன்டீனில் நிற்க வைத்துப் பாடம் நடக்கும். கேள்வி இது, பதில் இது. சரியாகச் சொல்கிற லைனுக்கு ஆடிட் முடிந்த மறுநாள் சிக்கன் பிரியாணி. எட்டாவதோடு நின்ற நான் அந்தப் பாடத்தில் நன்றாகத் தேறினேன். அண்ணனுக்கு மட்டும் வரவே வராது. புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு ஆடிட்டர் கேட்டதற்கு, "கேன்டீன் பக்கத்துல சார், சாவி சூப்பர்வைசராண்ட கீது" என்று சொல்லி, எங்கள் எல்லாருடைய பிரியாணியையும் கெடுத்தவன்.

பட்டணத்து அக்கா முதல் கேள்வியைப் படித்தார்.

"உங்க கம்பெனியில ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?"

"எட்டு மணி நேரம் மேடம்."

எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. அடுத்து ஓவர்டைம் பற்றிக் கேட்டார். எங்கள் விருப்பம் மேடம் என்றார்கள். என்னோடு பிசிர் வெட்டுகிற அக்கா, கேட்காமலே, புகார்ப் பெட்டி பச்சைக் கலரில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். மற்ற கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்கார அம்மா சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

நான் பிசிர் வெட்டுகிற அக்காவின் கையைப் பிடித்தேன். இது ஆடிட் இல்லக்கா, உண்மையைச் சொல்லலாம் என்றேன்.

"பேர் எழுதிகினாங்க, அட்டை குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க" என்றாள் அவள். "ஆடிட் இல்லாம பின்ன கல்யாணமாடி நடக்குது?"

அவர்கள் மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. வெளியாள் ஒருவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வேலை நேரம் கேட்டால் எங்கள் வாய்க்கு வேறு பதில் தெரியாது. நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் எழுந்து நின்றேன். பஞ்ச் அடித்துவிட்டு வந்து நிற்கிற வழக்கத்தைச் சொன்னேன். அண்ணன் நைட்டும் பார்த்துவிட்டு பகலும் நின்றான், தூக்கக் கலக்கத்தில்தான் லாரியில் போய் மோதினான், அவன் எங்கேயும் சுற்றவில்லை என்று சொன்னேன். வெள்ளைக்கார அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பட்டணத்து அக்கா மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு அவர் மிஷின்ல நின்னதை நீங்க பார்த்தீங்களாம்மா?"

"நான் பாக்கல மேடம். இந்த அண்ணன் பாத்தாரு. பக்கத்து மிஷின்."

எல்லாரும் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். கழுத்து அட்டை திரும்பியிருந்தது, அதை நேராக்கினான். அவனும் ஆடிட் என்று நினைத்துவிட்டானோ என்று என்னால் சொல்ல முடியாது. ஏனென்றால் பேசுவதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்தான்.

"ஆறு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சுது மேடம். பஞ்ச் அடிச்சிட்டு எல்லாரும் கெளம்பிட்டோம். அதுக்கு அப்பால அவன் எங்க போனான்னு எனக்குத் தெரியாது." பிறகு, "நல்ல பையன் மேடம்" என்றான்.

பட்டணத்து அக்கா அதை இங்கிலீஷில் சொன்னார். சுவரோரம் நின்றவர் தாளில் கீழே ஒரு வரி எழுதினார். மாறுபட்ட கருத்து, ஒன்று. அதற்குப் பிறகு கழிவறை பற்றிக் கேட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மிஷினில் நின்றது என்னுடைய கருத்தா?

வெளியே பைக் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவன் எதிரில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

"இன்னைக்கி அந்தம்மா கேக்கும், ராத்திரி பிளேன் ஏறிப் பூடும்" என்றான். "திங்கக்கெழம கம்பெனி கேட்டாண்ட போய் நிக்கப் போறது நானு. லைன் லீடர் போஸ்ட் தரேன்னு சொல்லி கீறாங்க தங்கச்சி. ரெண்டு கொயந்தைங்க கீது எனக்கு."

திங்கட்கிழமை நானும்தான் கேட்டுக்குப் போனேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. செவ்வாயும் கேட்கவில்லை. அந்தக் கூட்டம் நடந்ததே கம்பெனிக்குத் தெரியாது. அவன் யாருக்குப் பயந்தானோ அந்த ஆள் அந்தக் கூடத்தில் இல்லவே இல்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. நோட்டீஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் தேடிப் பிடித்துத் திறந்தார். பக்கம் பக்கமாகக் கேள்வி. நீ யார் என்று ஒரு கேள்வி. ஐரோப்பாக்காரரா, வெளி ஆளா, கம்பெனியா, சங்கமா. கடைசியில் எதை வேண்டுமானாலும் எழுத ஒரு பெட்டி. நீ தமிழில் சொல், நான் போனில் போட்டு இங்கிலீஷாக்கித் தருகிறேன், ஒரு மணி நேர வேலை, கூட்டம் இல்லாத நாளில் வா என்றார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்கு முந்தின நாள் வியாழன் எனக்கு லீவு விழும், அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யார் சாட்சியும் வேண்டாம், நான் கேட்டதை நான் கேட்டபடியே எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். வேப்பமரம், வடை, சண்டை எல்லாவற்றையும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு வருஷம். நெருங்கியவர்கள் நாலு பேரைத்தான் கூப்பிட்டிருந்தோம். படையல் போட்டு எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு கூட்டாளி வந்தான். கையில் வாழைப்பழமும் பூவும். நான் வாசலிலேயே நின்றேன். அம்மா என்னைத் தாண்டி வந்து, "வாப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அடுப்புப் பக்கத்திலேயே இலை போட்டாள். மண்டபத்தில் நடந்ததை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வடையும் பாயசமும் வைத்தாள். அவன் வடையைப் பிட்டான், வாயில் வைக்கவில்லை.

"அம்மா, அவன் வேற எங்கயும் போவல" என்றான். "ரெண்டரை வரிக்கும் என்னாண்டதான் நின்னான். வேலைலதான் இருந்தான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை எங்கே போனான் என்று தெரியாமல் அழுத அழுகை வேறு, இது வேறு. அவன் தலையை அவள் தடவினாள். அவனும் அழுதான். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. முப்பது பேர் கேட்க, எழுதிக்கொள்ள ஆள் நிற்க, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை, அடுப்பங்கரையில் வந்து சொல்கிறான். இங்கே சொன்னால் அவனுக்கு ஒன்றும் குறையாது.

நான் போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டு அவன் எதிரில் வைத்தேன். இன்னொரு தடவை சொல்லுண்ணா என்றேன். அவன் போனைப் பார்த்தான். இலையை மடித்தான். கை கழுவாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"சாப்புட வந்தவன ஏண்டி தொரத்துன?" என்று அம்மா கத்தினாள். அன்றைக்குப் பூராவும் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை காலையில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத வேண்டாம் என்றாள். எழுதினால் அவன் பெயர் வரும், வேலைக்கு ஆபத்து, அவனும் பிள்ளைகுட்டிக்காரன். "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிபோச்சி. ஊருக்கும் நான் சொல்லிக்கறேன். வுட்டுடு."

பெயரைப் போடாமலும் எழுதலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மா முகம் ஒரு வருஷத்துக்குப் பிறகு தெளிந்திருந்தது. நான் சரி என்றேன். வியாழக்கிழமை லீவில் துணி துவைத்தேன். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன்.

அம்மா சொன்னபடி ஊருக்குச் சொன்னாள். தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், கோயிலில். எம்புள்ள வேலையிலதான் இருந்தான், எங்கேயும் சுத்தல, கூட நின்னவனே சொன்னான் என்று. கேட்டவர்களில் ஒருத்தி நேராக அவனிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவன் சொன்ன பதிலை அவளே வந்து எங்கள் வாசலில் சொன்னாள். அம்மா அப்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா மனசு ஆறட்டும்னு சும்மா சொன்னேங்கறாம்மா. வருஷ நாளாச்சேன்னு."

இல்லை என்று அவன் சொல்லியிருந்தால்கூடப் பொய் சொல்கிறான் என்று நாங்கள் இருந்திருப்போம். ஆறுதலுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிட்டான். அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? அன்று முழுக்க எனக்கே சந்தேகம் வந்தது. பிணவறை வாசலிலும் அவன் என்னைத் தேற்றத்தான் சொன்னானோ என்று. ஆனால் தேற்ற வருகிறவன் வடைக்குச் சண்டை போட்டதைச் சொல்வானா? கடைசியில் அவனிடம் பேசவே இல்லை என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வானா? எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை.

தேதி தாண்டிவிட்டது என்று தெரிந்தும் மறுநாள் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, டேட் முடிஞ்சுபோச்சும்மா, மூடிட்டாங்க என்றார். நேரத்துக்கு எழுதியவர்களுடையதை மட்டும் படிக்கலாமாம். அவர் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். கம்பெனிக்காரர்களின் சங்கங்கள் நிறைய எழுதியிருந்தன. ஒவ்வொன்றும் இத்தனை பக்கம் என்று காட்டினார். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

அம்மா இப்போது மற்றவர்கள் வந்து போன பிறகுதான் குழாய்க்குப் போகிறாள். போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, என் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மெய்யாலுமே வேலைலதான் இருந்தானாடி? இல்ல, நீயும் என் மனசு ஆறட்டும்னு சொல்றியா?"

வேலையில்தான் இருந்தான் என்று சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன்.